நோயாளியாகப் படுத்த நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் மனிதர்களின் மூக்குத் துவாரம்தான் முதலில் தெரிகிறது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

செவிலியர் உதவியாளர் பயிற்சியில் எங்கள் குழு நாலு பேர். நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக் காட்ட வேண்டும். முடியாத குழுவுக்கு வார்டு கிடையாது, மறுபடியும் வகுப்பறைதான். வாய் திறக்காதவள் என்று என்னை நோயாளியாகப் படுக்க வைத்தார்கள்.

தூக்கும்போதெல்லாம் நான் விறைத்து நழுவினேன். கீழே மெத்தை இருந்தது, அடிபடவில்லை.

"என்னடி, சிமெண்ட் மூட்டை மாதிரி கனக்குற?" என்றாள் குழுவில் மூத்தவளான குட்டை அக்கா.

"ஏன்னு நீங்களே கண்டுபிடிங்க" என்று ஆசிரியை ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கட்டில் உயரமா, பிடித்த இடமா என்று என் தலைக்கு மேலே ஒரே சண்டை. என்னை யாரும் கேட்கவில்லை. எப்போது, எந்தப் பக்கம் தூக்குவார்கள் என்று தெரியாததால்தான் உடம்பு தானாக இறுகியது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ தேய்க்கும் தைலம் ஒரு புட்டி அனுப்பு. வலி ஒன்றுமில்லை, வாசனைக்குத்தான். தலையணை உறையும் ஒன்று.

எங்கள் குழுவை வார்டுக்குக் கூப்பிடுகிறார்கள், அவசரமாக முடிக்கிறேன். அடுத்த முறை அவர்கள் குனிந்தபோது குட்டை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தூக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.