வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது

ஜூன் 7

அன்புள்ள என்னங்கவுக்கு,

சிரிக்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானே கூப்பிடுகிறேன், கடிதத்தில் மட்டும் புதிதாக என்ன எழுதுவது? மலை மேல் கைபேசிக்கு ஒரு கோடுகூட வராது, சனிக்கிழமை சாமான் லாரியில்தான் கடிதம் வந்து போகும் என்று நீங்கள் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது நாலு வரி எழுதுவதற்குள் விரல் மரத்துப்போகிறது.

முதலில் நல்ல செய்தி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது! வீட்டிலிருந்தே வேலை. பதிவுக் கட்டணம் கட்டு என்று ஏமாற்றும் கூட்டம் இல்லை, நிஜமான கம்பெனி. எத்தனை விண்ணப்பம் போட்டேன் என்று உங்களுக்கே தெரியும். இனி எங்கிருந்தும் பதில் வராது என்று கைவிட்ட பிறகு வந்தது. வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் மலை மேல் விடுதியில் ஊரார் போர்வையைத் துவைக்கிறீர்கள், நான் இங்கே துவைக்காத மெஷினுக்காகத் திட்டு வாங்குகிறேன். நல்ல ஜோடி!

ஒரே ஒரு கண்டிஷன். பின்னால் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. வருகிற போன் பேச்சு எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். மூன்று தடவை சத்தம் கேட்டால் வேலை போய்விடும். ஒற்றை அறை வீடு, கூடவே நம் ரேடியோ. ஐந்து வயதில் அவ்வளவு வாய் எந்தப் பெண்ணுக்காவது உண்டா? மத்தியானம் பள்ளி விட்டு வந்தால் தூங்கும்வரை நிறுத்தமாட்டாளே. மாடித் தையல்காரம்மாவைக் கேட்டேன். "ஊசியும் கத்திரியும் கெடக்கிற எடம்மா, பொண்ணுக்கு ஒன்னு ஆயிட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்று கையை விரித்துவிட்டார்.

அதனால் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறேன். நான் ஹெட்போன் கருவியைக் காதில் மாட்டினால் அவள் மீன். மீன் பேசாது. நேற்று முழுக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டே திரிந்தாள், பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. கண் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் இந்தாம்மா

ஜூன் 21

என் அன்பு இந்தாம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இஸ்திரி போடுகிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் வீட்டுக்காரி கம்பெனி உத்தியோகம் என்று. சமையல்காரர் எனக்கு டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டார். இனி உன்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும்.

இங்கே வேலை பரவாயில்லை. சீசன் சூடு பிடித்துவிட்டது. ஒரு குடும்பம் கிளம்பினால் அடுத்த குடும்பம் வாசலில் நிற்கிறது. ஈரப் போர்வை என்ன கனம் கனக்கிறது தெரியுமா? சாயங்காலம் தோளைத் தூக்க முடியவில்லை. குளிர் ஒரு பக்கம், நீராவி ஒரு பக்கம். ஆனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை, கவலைப்படாதே.

ரேடியோ என்ன சொன்னாள் என்று நீ எழுதவே இல்லையே? அவள் சொன்னதை அப்படியே எழுது. நான் கிளம்பும்போது, "அப்பா, மலை ராத்திரி எங்க தூங்கும்?" என்று கேட்டாள். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
உன் என்னங்க

ஆகஸ்ட் 2

அன்புள்ள என்னங்கவுக்கு,

பதில் தாமதம். திட்டாதீர்கள். வேலை முடிந்தால் காது இரண்டும் எரிகிறது.

சத்தம் கேட்டது இரண்டு தடவை ஆகிவிட்டது. முதல் தடவை குக்கர் விசில். இரண்டாவது நம் ராஜகுமாரி. கதவிடுக்கில் விரல் மாட்டி வீல் என்று கத்திவிட்டாள். மேற்பார்வை பார்க்கிற பெண் கூப்பிட்டு, "இன்னொரு தடவைன்னா என்னால ஒன்னும் செய்ய முடியாதுங்க, பாத்துக்கோங்க" என்றாள். அன்றைக்குக் குழந்தையைக் கொஞ்சம் அதட்டிவிட்டேன். நீ கத்தினால் அம்மாவுக்கு வேலை போய்விடும், அப்புறம் நமக்குச் சோறு கிடையாது என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அதிலிருந்து அவள் இருக்கிற இடமே தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலைக் காட்டுகிறாள், பசித்தால் வயிற்றைத் தட்டுகிறாள். தூக்கம் வந்தால் என் முந்தானையை இரண்டு தரம் இழுக்கிறாள். சமத்து என்றால் அப்படி ஒரு சமத்து. அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்களே, எதை எழுத? சாயங்காலம் வேலை முடிந்து "இப்ப பேசலாம்டி கண்ணு" என்றாலும் சிரித்துவிட்டுப் போய்ப் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறாள்.

டீச்சர் கூப்பிட்டிருந்தார். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாளாம். புது வகுப்பு, கூச்சமாக இருக்கும் என்றேன்.

உங்கள் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இந்தாம்மா

ஆகஸ்ட் 16

இந்தாம்மாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. நம் ரேடியோவுக்கா கூச்சம்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினவளுக்கா? இதை டீச்சர் நம்பலாம், நான் நம்பமாட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெளிப்படையாகவே எழுதுகிறேன். நேற்று நூறு தடவை யோசித்தேன், அவள் குரல் எப்படி இருக்கும் என்று. சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வேலை நமக்கு வேண்டாம். விட்டுவிடு. குழந்தை வாயை அடைத்துத்தான் நாம் சாப்பிட வேண்டுமா?

என்னங்க

செப்டம்பர் 6

என்னங்கவுக்கு,

வேலையை விட்டுவிடு என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நன்றாக இருக்கிறது! மலை மேல் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம்.

பழ சீசன் வந்தால் பழம் அடுக்கப் போனீர்கள். தள்ளுபடி சீசனில் துணிக்கடைக்குப் போனீர்கள், பரீட்சை சீசனில் ஹாலுக்கு நாற்காலி தூக்கப் போனீர்கள். குறை சொல்லவில்லை, உயிரைக் கொடுத்து உழைக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு சீசன் முடியும்போதும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரிந்தவன் தெரியாதவனுக்கெல்லாம் போன் போட்டு, "அண்ணே, எங்கயாச்சும் ஆள் வேணுமாண்ணே?" என்று நீங்கள் கெஞ்சுவதை ஒற்றை அறைக்குள் நானும் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். இந்த வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. அதை நான் தேடிப் பிடித்தேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், இன்றைக்கே விடுகிறேன்.

பயம் உங்களுக்கு மட்டும்தானா? பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். ஒவ்வொரு போன் வரும்போதும் ஒரு கண் அவள் மேல், ஒரு கண் திரை மேல். எனக்கு ஒரு ஆள் துணை இல்லை. அதை ஒரு வரி எழுதத் தோன்றியதா உங்களுக்கு?

இந்தாம்மா

அக்டோபர் 11

என் அன்பு இந்தாம்மாவுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னித்துவிடு. நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதற்குப் பதில் எழுத முகம் இல்லாமல்தான் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன்.

இப்போது ஒரு விஷயம். சீசன் முடிகிறது, கூட்டம் குறைந்துவிட்டது. பனி விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள். அப்புறம் வசந்தம் வரை யாரும் ஏற முடியாது, இறங்க முடியாது. அந்த மாதங்களில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தங்க வேண்டும். குழாயில் தண்ணீர் உறையாமல் பார்க்கணும், கூரைப் பனியைத் தள்ளணும், அவ்வளவுதான். மேனேஜர் என்னைக் கேட்டார். "உன்ன மாதிரி ஆளு கெடைக்கிறது கஷ்டம்பா. இருந்தேன்னா அடுத்த சீசனும் உனக்குத்தான், யாருகிட்டயும் போயி நிக்க வேணாம்" என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கெஞ்ச வேண்டாம் இல்லையா? திரும்பி வரும்போது இரண்டு அறை வீடு பார்க்கலாம். நடுவில் ஒரு கதவு இருந்தால் போதும், நீ அந்தப் பக்கம் வேலை பார், நானும் ரேடியோவும் இந்தப் பக்கம் கத்திக்கொண்டு கிடக்கிறோம்.

ஆனால் நீ வேண்டாம் என்றால் நான் இறங்கி வந்துவிடுவேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வருவதுதான் கடைசி லாரி. வேண்டாம் என்றால் அதற்குள் எழுதிப் போடு, அதே லாரியில் ஏறிவிடுகிறேன். கடிதம் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். உனக்கும் எழுதுகிற வேலை மிச்சம்.

அன்புடன்,
என்னங்க

அக்டோபர் 25

என் அன்பு இந்தாம்மாவுக்கு,

லாரி வந்தது. மாவு, மண்ணெண்ணெய், மருந்துப் பெட்டி எல்லாம் வந்தது. உன் கடிதம் இல்லை. டிரைவர் சட்டைப்பையை உதறியே காட்டிவிட்டார், "இல்லப்பா, இருந்தா குடுக்கமாட்டேனா?" என்று. சரி, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளூர ஒரு மூலையில் நீ திட்டியாவது ஒரு வரி எழுதியிருப்பாய் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். இதை அவசரமாக எழுதுகிறேன், வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.

சமத்தாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, சாலை திறக்கிறவரை அப்படியே இருக்கச் சொல். கொஞ்ச நாள்தான். அவள் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்கிறாள் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
என்னங்க

நவம்பர் 14

அன்புள்ள என்னங்கவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சாமான் லாரி கிளம்புகிற விடுதி குடோனில் கொடுத்து வைக்கப்போகிறேன். சாலை திறந்ததும் முதல் லாரியில் போகுமாம். அவசரமாகச் சொல்லி அனுப்ப வழி உண்டா என்று கேட்டேன். விடுதிக்கு வயர்லெஸ் இருக்கிறதாம், ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால்தான் சொல்வார்களாம். "கைதானம்மா? ஆறிடும்" என்றார் அங்கே இருந்தவர்.

குழந்தையின் கை வெந்துவிட்டது. பயப்படாதீர்கள், ஆறி வருகிறது, விரல்களை மடக்குகிறாள். நீங்கள் இதைப் படிக்கும்போது தழும்பு மட்டும்தான் இருக்கும். ஆனாலும் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அடுப்பில் பால் வைத்திருந்தேன். காதில் போன் அடித்தது, ஓடிவந்து உட்கார்ந்துவிட்டேன். பாலை மறந்தேபோனேன். ஒரு மனுஷி மெஷினுக்குள் மாட்டிக்கொண்ட சட்டைக்காக அழாத குறையாகப் பேசிக்கொண்டே இருந்தாள். என் பின்னால் பால் பொங்கி, மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அது கேட்கவில்லை, காதில் அந்தக் கருவி. இவளுக்குக் கேட்டிருக்கிறது. இது மூன்றாவது தடவை ஆகிவிடுமே என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த மூடியை வெறுங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். அடுப்பை அணைக்க அவளுக்குத் தெரியாது. நான்தான் அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

தீய்ந்த வாசனை வந்து திரும்பினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு கையால், நீ போனில் பேசு என்று எனக்கு ஜாடை காட்டுகிறாள். நான் அந்தக் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஐயோ என் செல்லமே!" என்று அலறினேன். தரையில் கிடந்த கருவிக்குள்ளிருந்து அந்த மனுஷி "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தாள். மூன்றாவது சத்தம் நான் போட்டதுதான். வேலை போய்விட்டது. போனால் போகட்டும்.

கடைசி லாரிக்கு நான் ஏன் எழுதவில்லை தெரியுமா? வீம்பு. கேட்டுத்தான் வர வேண்டுமா, நான் எழுதாமல் இருந்தால் என் மனசு உங்களுக்குப் புரியாதா, ஓடி வந்து நிற்கமாட்டீர்களா என்று நினைத்தேன். நீங்களோ சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்புறம் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் வாய் திறக்காததை நானும் அப்படித்தானே எடுத்துக்கொண்டேன்? சமத்து, சமத்து என்று உங்களுக்கு எழுதி வேறு போட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். என் மேல் அதைவிட அதிகம்.

இப்போது பழக் கிடங்கில் தரம் பிரிக்கப் போகிறேன். ஆமாம், சீசன் வேலைதான், சிரித்துக்கொள்ளுங்கள். மெஷின் சத்தத்தில் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுகிறார்கள். வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகளுக்கு ஓர் அறை இருக்கிறது, பள்ளி விட்டதும் இவளும் அங்கே வந்துவிடுகிறாள். இந்தச் சீசன் எப்போது முடியும், அப்புறம் என்ன என்று இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தார்கள். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. நர்ஸம்மா இழுக்க இழுக்க இவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன பொறுமை பாருங்க! சமத்துக் குட்டி" என்றார் அவர். எனக்குத் தாங்கவில்லை. "வலிக்குதுன்னா கத்துடி கண்ணு. நல்லா கத்து" என்றேன். என் காதைப் பார்த்தாள். கருவி இல்லை என்று தலைமுடியை ஒதுக்கிக் காட்டினேன். அப்புறம்தான் கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். நர்ஸம்மா "மெதுவாம்மா, மத்த பேஷன்ட் இருக்காங்க" என்றார். "இருக்கட்டுங்க, கத்தட்டும்" என்றேன்.

சாலை திறந்ததும் வாருங்கள். நான் எழுதவில்லை, சொல்லவில்லை என்று இனி இருக்க வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும். வாருங்கள்.

இப்படிக்கு,
இந்தாம்மா