பிளஸ்தான் எர்த்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பட்டறையில் எனக்கு ஒரு சோதனை வந்திருக்கிறது. அறுபது வயதுக் கார். இரண்டு நாளில் பேட்டரி படுத்துவிடுகிறது. புது பேட்டரி போட்டார்கள், டைனமோவுக்குக் காயில் சுற்றினார்கள். பலனில்லை. "ரெண்டு வாரம் தர்றேன். கண்டுபிடிச்சா வேலை நிரந்தரம். இல்லன்னா வேற இடம் பாத்துக்கோம்மா" என்றார் முதலாளி. ஒன்று கவனித்தேன்: பேட்டரியின் பிளஸ் வயர் பாடியில் இருக்கிறது.

உங்கள் வாலு

ஜூன் 9

செல்ல வாலுக்கு,

திருடன் அகப்பட்டான்! காரில் பாடிக்கு வரவேண்டியது மைனஸ். முப்பத்தொரு வருஷம் பள்ளியில் இயற்பியல் பாடம் நடத்தியிருக்கிறேன். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டால் கடைசிவரை கோணல்தானே? எவனோ மாற்றி மாட்டியிருக்கிறான். உடனே திருப்பி மாட்டு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபப்படாதீர்கள். நான் மாற்றவில்லை. அந்த வண்டியின் கையேட்டைத் தேடிப் படித்தேன். அதில் பிளஸ்தான் எர்த், அதாவது பாடிக்கு வரவேண்டியதே பிளஸ்தான். அந்தக் காலத்தில் பல வண்டிகள் அப்படித்தானாம். திருப்பியிருந்தால், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கருகியிருக்கும்.

பிறகு மீட்டரை எடுத்தேன். டைனமோ சரியாகத்தான் கொடுத்தது. ரெகுலேட்டரின் எர்த் வயருக்கும் பாடிக்கும் நடுவே பூஜ்யம் காட்டவேண்டிய முள் எகிறியது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவர்கள், அந்த வயரைப் பெயிண்ட் மேலேயே திருகியிருக்கிறார்கள். நாணயம் அளவுக்குச் சுரண்டி முறுக்கினேன். சார்ஜ் ஏறிவிட்டது!

வண்டிக்காரர் பதறினார். "பெயிண்டைச் சுரண்டிட்டியேம்மா!"

"அலங்காரம் பண்ணவங்க வாயையும் சேர்த்து அடைச்சிட்டாங்க சார். சாப்பாடு எப்படி உள்ள போகும்?" என்றேன்.

முதலாளி சிரித்துவிட்டார். "இனிமே பழைய வண்டி எது வந்தாலும் இவகிட்ட விடுங்கடா!"

உங்கள் பேச்சை மீறியதற்கு மன்னிப்பீர்களா?

வாலு

ஜூன் 20

என் செல்லமே,

மன்னிப்பா? கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக்கே போய்விட்டேன். "என் பொண்ணு என்னைத் தப்புன்னு நிரூபிச்சிட்டா சார்!"

"அதுக்கா இவ்வளவு சிரிப்பு?"

"பின்னே? நான் சொன்னதை அப்படியே எழுதி நூறு வாங்கினவங்க எத்தனையோ பேர். அளந்து பாத்துட்டு 'இல்லப்பா'ன்னு சொன்னவ என் வீட்டுலதான் பொறந்திருக்கா!"

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை நானே உரக்கப் படித்துக் காட்டினேன்.

ஒரு சந்தேகம். பிளஸ் பாடியில் இருந்தால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது? படம் வரைந்து அனுப்பு. எனக்கு ஒரு தடவையில் புரியாது. பொறுமையாகச் சொல்லிக் கொடு.

அப்பா