பத்தொன்பது குங்குமச் சிமிழ்கள்

லக்ஷ்மிபாய் நகர்,
புது டெல்லி.
6-2-2005

அன்பு மகள் சிந்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் கதிரவன், அண்ணி உஷாராணி எல்லோரும் சௌக்கியம், என் முழங்கால் ஒன்றைத் தவிர. அதற்கு இந்த டெல்லிக் குளிர் போனால்தான் விடிவு. அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலை மந்திர் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்வான். இன்று காலை போனில் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாயே, சளி என்றேன். சளி இல்லை. போன் கூடத்தில் இருக்கிறது, அண்ணி காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பவள் என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

சுனாமி வந்ததும் நம் தமிழ் மாதர் மன்றத்தில் சாமான் சேர்த்ததைச் சொன்னேன் அல்லவா, நம் ஊர்ப் பக்கத்துக் கடற்கரை என்பதால் மன்றமே சுழன்று வேலை செய்தது. முதலில் வந்ததெல்லாம் ஸ்வெட்டரும் பஞ்சு ரஜாய்ப் போர்வையும்தான். டெல்லி ஜனவரியில் நடுங்கிக்கொண்டே கொடுப்பவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? பாத்திரம் தேய்க்க வரும் பவுனு விழுந்து விழுந்து சிரித்தாள். கடலோரத்துல இதைப் போர்த்தினா அவிஞ்சுபோவாங்கம்மா என்று சொல்லி, ஆறு ரஜாயைத் தன் குடிசைகள் இருக்கும் பஸ்திக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் புத்தி வந்து, ஒரே ஒரு குப்பத்தை எடுத்துக்கொண்டு, அங்கிருக்கும் நூற்றுப் பத்து வீட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு பை என்று முடிவு செய்தோம். ஒரு புடவை, துண்டு, சீப்பு, கண்ணாடி, சோப்பு, மஞ்சள், ஒரு டஜன் வளையல், ஒரு குங்குமச் சிமிழ். அந்த ஊர் வாத்தியார் பெயர்ப் பட்டியல் அனுப்பியிருந்தார். அதில் பத்தொன்பது பெயருக்கு நேரே புருஷன் இறந்துவிட்டதாகவோ காணவில்லை என்றோ குறித்திருந்தது.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். அப்பா போன பதினேழாம் நாள், விஷயம் தெரியாமல் பக்கத்து பிளாக்கில் கொலு வைத்திருந்த வீட்டிலிருந்து எனக்குத் தாம்பூலப் பை வந்தது உனக்கு நினைவிருக்கிறதா? அதில் குங்குமத்தையும் வளையலையும் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. அந்தக் கஷ்டம் இவர்களுக்கு வரக் கூடாது என்றுதான் சொன்னேன், வேறு எந்த எண்ணமும் சத்தியமாக இல்லை. பத்தொன்பது பையிலிருந்தும் குங்குமத்தையும் வளையலையும் எடுத்துவிடுவோம் என்றேன். தலைவி மங்களம் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதுல மூணு பேருக்குக் காணலைன்னுதானே போட்டிருக்கு லீலா, அவங்களுக்கு என்ன பண்றது என்று கேட்டாள். கடல் கொண்டுபோய் இருபது நாளாச்சு, இனிமே எங்கேர்ந்து வரப்போறாங்க, எல்லாம் ஒண்ணுதான் என்று சொன்னேன். காய்கறி நறுக்கும்போது பேசுவது போலச் சொன்னேன் சிந்து. பவுனு மட்டும் பையைக் கட்டிக்கொண்டே, கட்டத் துணி இல்லைன்னு புடவை குடுக்கிறோம், நெத்தியைப் பாத்து எதுக்கும்மா குடுக்கணும் என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, ஜல்தி கட்டு என்று அதட்டினேன்.

மன்றத்துக்கு ஒத்தாசையாக இருக்கும் ஜெயசீலன் பைகளை ரயிலில் கொண்டுபோய்ப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். நேரே நம் வீட்டுக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல் சொன்னார். மேகலா என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காதாம். புருஷன் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன், காணவில்லை. உடல் கிடைக்காததால் பொட்டை அழிக்க மாட்டேன், கருமாதி செய்ய விட மாட்டேன் என்று ஒரு மாதமாகச் சொந்தக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். பையைப் பிரித்தவள் பக்கத்துப் பெண்ணின் பையையும் பார்த்திருக்கிறாள், அதில் குங்குமம் இருக்கிறது, இவள் பையில் இல்லை. புடவையை உதறிப் பார்த்தாளாம், துண்டை உதறிப் பார்த்தாளாம். பிறகு ஜெயசீலனிடம், டெல்லியில முடிவு கட்டிட்டாங்களா சார் என்று கேட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாளாம். மன்றமாவது மாதராவது, அவர்களுக்கு டெல்லி என்றால் சர்க்கார். டெல்லியிலேயே தெரிஞ்சுபோச்சு, இனிமே என்னடி என்று மாமியார் வீட்டில் மாசி பிறப்பதற்குள் கருமாதி என்று நாள் குறித்துவிட்டார்களாம். அவர் கிளம்பும்போது பஸ் வரைக்கும் கூடவே வந்தாளாம். குங்குமத்தை எடுத்தவங்களை ஒரு காயிதம் எழுதச் சொல்லுங்க, தெரியாம நடந்துபோச்சுன்னு, சீல் வச்சு அனுப்பச் சொல்லுங்க என்றாளாம். போனில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்களாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஜெயசீலன் சொல்கிறார், அந்த ஆள் வரப் போவதில்லை, என்றைக்காவது அவள் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும், அது உங்களால் நடந்ததாக இருக்கட்டுமே என்று. அவர் சொல்வதும் சரி என்று படுகிறது. உஷாராணி, நீங்க ஏன் அத்தே மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க, ஒரு சிமிழ்தானே என்கிறாள். அதுவும் சரி மாதிரிதான் இருக்கிறது. எழுதினால் வராதவனுக்காக அவளைக் காக்க வைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அவன் சாவை நானே டெல்லியில் உட்கார்ந்து தீர்மானித்ததாக ஆகிறது. காலையில் ஒன்று தோன்றுகிறது, குளித்துவிட்டு வந்தால் வேறு தோன்றுகிறது. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், கதிரவன் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். அப்பா இருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார், தப்பாகவே சொன்னாலும் தைரியமாகச் சொல்லியிருப்பார்.

கடைசியில் நேற்றுக் காலை எழுதிவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. மேகலாவுக்கு, உன் வீட்டுக்காரரைப் பற்றி டெல்லியில் யாருக்கும் எதுவும் தெரியாது, குங்குமத்தை எடுத்தது சர்க்கார் இல்லை, லீலாவதி என்கிற நான், எடுத்தது என் தப்பு, வைத்துக்கொள்வதும் வைக்காததும் உன் இஷ்டம். அவ்வளவுதான். மங்களம் சீல் வைக்க முதலில் மாட்டேன் என்றாள், மன்றத்துக்கு எதுக்கு வம்பு என்றாள். நான் அவள் வீட்டு சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. வைத்துக் கொடுத்தாள். எடுத்து வைத்த பத்தொன்பது சிமிழும் வளையலும் நம் அலமாரியில் பிஸ்கட் டின்னில்தான் இருந்தன. அவள் ஒருத்திக்கு மட்டும் அனுப்பி மற்றவர்களுக்கு அனுப்பாவிட்டால் திரும்பவும் நானே பிரித்து வைத்தது போல ஆகும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே கட்டினேன். செய்தது சரியா என்று கேட்காதே. இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. ஸ்பீட் போஸ்டில் போயிருக்கிறது, கருமாதிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். சேர வேண்டும்.

நீ போன வருஷம் வந்தபோது ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக் கொடுத்து, வெறும் நெத்தியோட இருக்காதேம்மா, உனக்கு நல்லா இல்லை என்றாய். வெளிநாட்டுக்குப் போய் எனக்கே புத்தி சொல்கிறாயா என்று எரிந்து விழுந்தேன். நீ அழுதுகொண்டே பெட்டி அடுக்கினாய். அதை இந்த ஐந்து நாளில் பலமுறை நினைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்றெல்லாம் பெற்றவள் எழுதக் கூடாது, நீயே புரிந்துகொள்.

குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் விடாதே. பனியில் வழுக்காத செருப்பாக வாங்கிப் போட்டுக்கொள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். முருகன் அருளால் நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இன்னொன்று. பார்சலைக் கட்டும்போது பவுனு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிமிழ் பதினெட்டுதான் இருக்கும்மா என்றாள். சரியாகத்தான் இருக்கிறது, கட்டு என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கட்டினாள். மேகலாவுக்கு உள்ளது உட்பட பதினெட்டும் போய்விட்டன. பட்டியலில் கடைசிப் பெயர் எண்பது வயதுக் கிழவி, அவளுக்குப் பதிலாகக் கடையில் ஒன்று வாங்கி நாளைக்கு அனுப்பிவிடுவேன். அந்தப் பத்தொன்பதாவது என் தலையணைக்கடியில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அதைப் பற்றி நீயாகக் கேட்காதே.

இப்படிக்கு உன் அன்பு அம்மா,
லீலாவதி