களிம்பு போடாத கைகள்

மார்ச் 9

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், உன் அத்தான், சளி பிடித்த பூனை எல்லோரும் சௌக்கியம். நீ சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் வராது, அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் கண்காட்சிக்குப் போனேன். ஆஸ்பத்திரி சலவை அறையில் என்னோடு வேலை செய்யும் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். "என் தம்பி என் கையைப் படம் எடுத்து முதல் பரிசு வாங்கியிருக்கான்" என்று வழியெல்லாம் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமா!

கதவளவு பெரிதாக மாட்டியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு வெடிப்பும் வாய்க்கால் மாதிரித் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கீழே 'முதுமை' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பாவம், இந்தப் பாட்டிக்கு எண்பது வயசாவது இருக்கும்" என்றார். கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எனக்கு முப்பத்தெட்டு, குட்டி. உனக்குத் தெரியாததா?

அன்புடன்,
உன் கிழட்டு அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நீ கையெழுத்துப் போட்ட இடத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

போட்டிக்குக் கொடுத்த தலைப்பே முதுமைதான். அது தெரிந்துதான் உன்னிடம் "ரெண்டு நாள் களிம்பு போடாதே, சொரசொரப்பு போயிடும்" என்றேன். எதற்கு என்று நீ கேட்கவே இல்லை. ஆசையாக நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி வந்தாய். அதையும் துடைக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலில் கலரில்தான் பார்த்தேன். வெடிப்பெல்லாம் சிவந்திருந்தது. புண் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். புண் போய்ச் சுருக்கம் வந்தது. கையின் வடிவமும் சொரசொரப்பும் மட்டும் மிஞ்சின. பிரமாதம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். உனக்கு வலித்திருக்குமே என்று அப்போது தோன்றவே இல்லை. இப்போது அதுதான் உறுத்துகிறது. வெட்கமாக இருக்கிறது அக்கா.

தலைப்பை 'என் அக்கா' என்று மாற்றச் சொல்லட்டுமா? பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். அடுத்த வாரம் வரட்டுமா? நகச்சாயத்தோடு கலரில் எடுத்துத் தருகிறேன்.

உன்
குட்டி

மார்ச் 20

குட்டிக்கு,

தலைப்பை மாற்றாதே. அது என் கை என்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம். யாரோ ஒரு பாட்டியின் கையாக ஆக்கிவிட்டாய், அப்படியே இருக்கட்டும். பரிசு உன் பாடு, உன் மனசாட்சி பாடு. அதையும் என் தலையில் கட்டாதே.

'வலித்திருக்குமே' என்று நீயாகவே எழுதிக்கொண்டாய். வலித்ததா என்று இப்போதும் கேட்கவில்லை. வலித்தது. ப்ளீச் தண்ணீரில் கை வைக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. தம்பிக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா 'பாட்டி' என்றபோதுதான் அழுகை வந்தது.

களிம்பு பூசிய கையோடு எழுதுகிறேன். காகிதம் பிசுபிசுவென்று இருந்தால் பொறுத்துக்கொள்.

வருகிறேன் என்கிறாய். வா. சாப்பாடு இருக்கும், உன் அத்தானின் புலம்பலும் இருக்கும். கேமராவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

அக்கா