டாமியனை அங்கேயே விடச் சொன்னது

சைலீசியா, போலந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அகதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்கப் புனித பார்பராவை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அப்பாவும் நானும் வேளைக்கு ஏதோ சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். பிள்ளைக்கு வயிறு பொருமுகிறது என்றாயே, பால் கொடுக்கிற வரைக்கும் முட்டைக்கோஸ் பக்கமே போகாதே, கோழிச் சாறு வைத்துக் குடி. சுரங்கம் சரிந்து தம்பி டாமியன் இறந்துவிட்டான், உடலை எடுக்க முடியவில்லை என்று மட்டும்தான் போனில் சொன்னேன். மீதியை எழுதுகிறேன், போனில் நீ அழுதால் எனக்குப் பேச வாய் வராது.

சரிவுக்கு அப்பால் என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு ரோபோவைக் கொண்டுவந்தார்கள். நம் பழைய நாய் அளவுதான் இருந்தது. அங்கே ஒயரும் எட்டாது சிக்னலும் எட்டாது, அதுவே வழி பார்த்துப் போய் அதுவே திரும்பி வரவேண்டும், வந்த பிறகுதான் என்ன பார்த்தது என்று தெரியும். அதுவரை நானும் அப்பாவும் சுரங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். விஷவாயு அதிகமானதும் யாரும் சொல்லாமலே திரும்பிவிட்டது என்று அதைக் கொண்டுவந்த இன்ஜினியர் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது என் பிள்ளைக்குத் தெரியாமல் போயிற்றே. அது எடுத்துவந்த படத்தைப் பார்க்கவேண்டாம் என்று தடுத்தாள், நான் பார்த்தேன். கையைத் தலைக்கு அடியில் வைத்து ஒருக்களித்துக் கிடந்தான், சின்ன வயதில் தூங்குவானே, அப்படி.

மாடி வீட்டு ஹில்டாவின் மகன் ரோமெக் மீட்புக் குழுவில் இருக்கிறான் இல்லையா, அன்று மாலையே வந்தான். ஆள் நுழையற இடுக்கு ஒண்ணு படத்துல தெரியுது, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, அவனை அங்க விட்டுட்டு வரமாட்டோம் என்றான். அப்பா உடனே கூடப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டார். கூரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் விரிசல் விட்டிருக்கு என்றான். வாயு என்று கேட்டேன், இன்னும் இறங்கல, மாஸ்க் போட்டுப்போம் என்றான். மாடியில் ஹில்டா நடக்கிற சத்தம் கேட்டது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் அகதா. யாரும் போகவேண்டாம், பாதையைச் சுவர் வைத்து அடைத்துவிடுங்கள் என்று அதிகாரியிடமும் நானே போய்ச் சொன்னேன். பெத்தவளா நீ, முப்பது வருஷம் உள்ள இறங்கினேன், ஒருத்தனைக்கூட விட்டுட்டு வந்ததில்ல என்று கேட்டார் உன் அப்பா. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இது உனக்கு வேறு யார் வாயாலும் தெரியக்கூடாது. கோபம் வந்தால் திட்டு, ஆனால் நீயும் பேசாமல் இருந்துவிடாதே.

வெள்ளிக்கிழமை சுவர் எழுப்பினார்கள், அப்பா போயிருந்தார். சுரங்கக் குளியலறையில் அவரவர் வீட்டுத் துணியைச் சங்கிலியில் மாட்டி உயரே இழுத்துவிடுவார்களே, உள்ளே போனவன் வரும்வரை அதை யாரும் இறக்கமாட்டார்கள். டாமியனுடையதை அப்பாவே இறக்கிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். துவைச்சிடாத என்றார். இத்தனை நாளில் என்னிடம் பேசியது அதுதான்.

குழந்தையின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு, மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். அப்பாவுக்கு மறக்காமல் போன் பண்ணு, எனக்காகப் பரிந்து பேசாதே, அவர் சொல்வதைக் கேட்டுக்கொள், போதும். அவன் சட்டையை அலமாரியில் வைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. படுக்கையில் எங்களுக்கு நடுவில் கிடக்கிறது.

உன் அம்மா
உர்சுலா