விசில் கேட்டு நின்றவள்

அனுப்புநர்
சு. ஆனந்தவள்ளி,
உடற்கல்வி ஆசிரியை,
அம்மா மண்டபம் சாலை,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: பள்ளி மாணவியர் கபடிப் போட்டியில் ஆறு நடுவர் முறையை உரிய பயிற்சியின்றிக் கொண்டுவந்ததால் மாணவி யமுனா காயமடைந்தது – மறுவிசாரணையும், நடுவர்களுக்குக் களப் பயிற்சியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஸ்ரீரங்கத்திலுள்ள பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பள்ளிகளுக்கிடையிலான கபடிப் போட்டிகளில் பல ஆண்டுகள் நடுவராகவும் இருந்தேன். ‘இருந்தேன்’ என்று எழுத நேர்ந்ததும் இந்த மனுவுக்கு ஒரு காரணம். முதன்மையான காரணம் அதுவல்ல என்பதைத் தாங்கள் முழுவதும் படித்தால் அறிவீர்கள்.

2. சென்ற ஆண்டு வரை பள்ளி ஆட்டங்களை ஒரே நடுவர்தான் நடத்தி வந்தார். கோட்டையும் அவரே பார்ப்பார், பிடியையும் அவரே பார்ப்பார், புள்ளியையும் அவரே சொல்வார். அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளின் சடையைப் பிடித்து இழுப்பதும் முழங்கையால் இடிப்பதும் அங்கேதான் நடக்கும். கூடுதல் நடுவர்கள் வேண்டுமென்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இந்த ஆண்டு அது நிறைவேறியது. முதன்மை நடுவர் ஒருவர், இரு பக்கமும் கள நடுவர்கள் இருவர், கோட்டு நடுவர்கள் இருவர், புள்ளி குறிப்பவர் ஒருவர் என ஆறு பேர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நிற்பார்கள் என்று போட்டி ஏற்பாட்டுக் குழு அறிவித்தது. அன்று என் வீட்டில் கேசரி கிளறினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

3. ஆறு பேர் சேர்ந்து வேலை செய்வதற்கான பயிற்சி முகாம் ஆகஸ்ட் மாதம் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சிறப்பு விருந்தினர் வந்து சேரவே மதியம் நெருங்கிவிட்டது. பொன்னாடைகள் போர்த்தினார்கள். திரையில் படங்கள் காட்டினார்கள். எல்லோருக்கும் நீல நிறத்தில் டி-ஷர்ட் கொடுத்தார்கள்; பெண் நடுவர்கள் எவருக்கும் அளவு பொருந்தவில்லை. மண்டபத்துக்கு அடுத்தாற்போலவே மைதானம் இருந்தது. அதில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

4. அந்த முகாமில் நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். “ஒருத்தர் விசில் அடிச்சா மத்த அஞ்சு பேரும் என்ன செய்யணும்? அவருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலைன்னா ஆட்டத்தை நிறுத்தணுமா, தொடர விடணுமா?” பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் கிரவுண்டுல நின்னா தானா வந்துடும் மேடம். சாப்பாடு ரெடியா இருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குழுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம். பயிற்சி பெற்ற நடுவர்கள் என்று மறுநாள் செய்தித்தாளில் எங்கள் படம் வந்தது.

5. அக்டோபர் 11-ஆம் தேதி மாணவியர் இறுதி ஆட்டம். ஜீயபுரம் பக்கத்துப் பள்ளி அணியும் மணப்பாறை பக்கத்துப் பள்ளி அணியும் மோதின. முதன்மை நடுவர் திரு. ஜெயக்குமார். கிழக்குப் பக்கக் கள நடுவர் நான். மேற்குப் பக்கம் உப்பிலியபுரத்து ஆசிரியர் திரு. ஜெகபர் சாதிக். ஆட்டத்துக்கு முன் ஆறு பேரும் கூடி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாமா என்று கேட்டேன். விழா மேடையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, பேசவில்லை.

6. ஜீயபுரம் அணியின் முதல் ஆட்டக்காரி யமுனா, பத்தாம் வகுப்பு. வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் இருளாயி என்பவரின் மகள். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அழைக்கப்பட்டிருந்தவள். ஆட்டம் முடியும் தறுவாயில் அவள் எதிரணிப் பக்கம் பாடிப் போனாள். ஒரு பெண் அவள் கணுக்காலைப் பிடித்தாள். அது முறையான பிடி. இன்னொருத்தி பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கையை இறுக்கினாள். யமுனாவின் முகம் என் பக்கம் இருந்தது. அவளால் மூச்சுவிட முடியவில்லை என்பதைக் கண்டேன். விசில் அடித்தேன்.

7. விசில் கேட்டதும் கழுத்தை இறுக்கியவள் கையை எடுத்தாள். காலைப் பிடித்தவளும் விட்டாள். யமுனா பாட்டை நிறுத்தி, எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். எதிர்ப்புறம் இருந்த திரு. ஜெயக்குமாருக்கு, இடையில் ஆட்டக்காரிகள் மறைத்ததால், கழுத்துப் பிடி தெரியவில்லை. தான் அடிக்காத விசில் விசிலே இல்லை என்பது அவருடைய இருபது ஆண்டுப் பழக்கம். இரு கைகளையும் வீசி, “விசில் இல்ல, விசில் இல்ல! ஆடுங்க!” என்று கத்தினார். தூரத்தில் நின்ற மூன்றாவது பெண் அதைக் கேட்டு முழு வேகத்தில் ஓடி வந்து, நின்றுகொண்டிருந்தவளைப் பக்கவாட்டில் மோதினாள். யமுனாவின் இடது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மோதிய பெண்ணையும் நான் குறை சொல்ல மாட்டேன். நடுவர் ஆடச் சொன்னார், அவள் ஆடினாள்.

8. முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது என்றும், அறுவைச் சிகிச்சை தேவை என்றும் மருத்துவமனையில் சொன்னார்கள். இருளாயி வாழைத் தோட்டத்துச் சேற்றோடு வந்து சேர்ந்தார். என்னைத் திட்டவில்லை. “ஆறு பேரு நின்னீங்களேம்மா, ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கவே இல்லையா?” என்று மட்டும் கேட்டார். யமுனா அழாமல் படுத்திருந்தாள். நான் அருகில் போனதும், “விசில் கேட்டா நிக்கணும்னுதானே எங்க டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க? நான் நின்னேனே” என்றாள். அதற்கான பதில் தங்களிடம் இருந்தால் அவளுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

9. திரு. ஜெயக்குமாரும் மருத்துவமனைக்கு வந்தார். வராந்தாவில் என்னிடம், “எனக்கு அந்தப் பக்கம் தெரியல டீச்சர். உங்க விசில்னு புரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்” என்றார். கண் கலங்கியிருந்தார். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் அதற்கடுத்த வாரம் ஏற்பாட்டுக் குழு நடத்திய விசாரணையில் அவர் இதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பிடியைத் தானும் பார்த்ததாகவும், விசில் சரியான நேரத்தில் அடிக்கப்பட்டதாகவும் திரு. ஜெகபர் சாதிக் எழுந்து சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்கள். என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஏன் மேடம் அவசரப்பட்டீங்க?”

10. கள நடுவர் தேவையின்றி விசில் அடித்ததால் ஆட்டக்காரர்கள் குழம்பினர் என்று முடிவு எழுதி, என் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பயிற்சி முகாமைப் பற்றி அந்த முடிவில் ஒரு சொல்லும் கிடையாது. காயம்பட்ட பெண்ணை அழைத்து என்ன நடந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை. விளையாட்டு விடுதித் தேர்வு நடந்த அன்று அவள் கட்டிலில் கால் தூக்கிக் கட்டப்பட்டுக் கிடந்தாள்.

11. ஐயா, ஆறு நடுவர் முறை தவறென்று நான் சொல்லவில்லை. அது வேண்டும். ஆனால் தனியாக நின்று பழகிய ஆறு பேரைச் சேர்த்து நிறுத்தினால் அவர்கள் ஒரு குழு ஆகிவிட மாட்டார்கள். யார் எதைப் பார்ப்பது, ஒருவர் விசிலுக்கு மற்றவர் எப்படிக் கட்டுப்படுவது, கருத்து மாறுபட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எப்படிப் பேசுவது என்பதை மைதானத்தில் ஓடி, தப்புச் செய்து, திருத்திக்கொண்டுதான் கற்க முடியும். அடுத்த மாதம் இன்னும் சின்னப் பெண்களுக்கான ஆட்டங்கள் தொடங்குகின்றன. அதே ஆறு பேர் முறை, அதே பயிற்சி, முதன்மை நடுவராக அதே திரு. ஜெயக்குமார். அவரும் பயந்துபோய்தான் இருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன்.

12. ஆகவே நான் கேட்பவை: அந்த ஆட்டங்களுக்கு முன்பாக, எல்லா நடுவர்களுக்கும் மாதிரி ஆட்டங்களுடன் கூடிய களப் பயிற்சி தர ஆணையிட வேண்டும், அது முடியாவிட்டால் ஆட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டும். யமுனாவையும் அவள் தாயாரையும் திரு. ஜெகபர் சாதிக்கையும் கேட்டு, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து மறுவிசாரணை நடத்த வேண்டும். கால் குணமான பிறகு விளையாட்டு விடுதித் தேர்வில் அவளுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும்.

என்னை மீண்டும் பட்டியலில் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. அந்த விசில் சரி என்று எழுத்தில் ஒரு வரி தந்தால் போதும். கழுத்து இறுகிய ஒரு பிள்ளையை இன்று கண்டாலும் விசில் அடிக்கத்தான் செய்வேன். அதைக் கேட்டு நிற்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சு. ஆனந்தவள்ளி