‘ஏலாது’ என்றால் இருபது துள்ளல்

என் அன்பு அக்கா, என் பொல்லாத அக்கா,

நீ செத்து நாலு மாதம். அடுத்த கிழமை கொழும்பில் போட்டி. உன் இடத்தில் நான் ஆடப்போகிறேன், உன் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு.

நடன வீடியோ கேம் என்றால் சனம் இன்னும் சிரிக்கிறது. திரையில் அம்புக்குறி ஏறி வர, பாயில் உள்ள அதே அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். நாலு பாட்டு முடிவதற்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். அதற்காகத்தான் சாம்பல்தீவுக் கரையில், கால் புதையும் மணலில் ஓடினோம். கரைவலை இழுப்பவர்கள், "பிள்ளையள், ஆர் துரத்துறது?" என்று கேட்பார்கள். நீ திரும்பியும் பார்க்கமாட்டாய்.

விதியைப் போட்டது நீதான். பயிற்சியில் ‘ஏலாது’ என்று வாய் திறந்தால் இன்னும் இருபது துள்ளல். எனக்குக் காய்ச்சல் அடித்த அன்றும், "ஏலாதக்கா" என்றேன். "இருபது" என்றாய், சிரித்துக்கொண்டு. துள்ளினேன். பிறகு கிணற்றடியில், குடித்த கஞ்சி முழுவதையும் சத்தி எடுத்தேன். அதை நான் மறக்கவில்லை.

எங்கள் ஊரில் சோம்பலுக்கும் நோய்க்கும் அந்த ஒரே சொல்தானே அக்கா. அன்று காலை நீ நெஞ்சில் கையை வைத்து, "எனக்கு ஏலாதடி" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

"இருபது" என்றேன்.

"விளையாடாத. உண்மையா ஏலாது."

"அப்ப நாப்பது. நடிக்காமத் துள்ளுங்கோ, மகாராணி."

நீயும் துள்ளினாய். ஏன் துள்ளினாய்? என் கன்னத்தில் ஒன்று போட்டிருக்கக் கூடாதா? பன்னிரண்டில் விழுந்தாய். நடிப்பென்று நினைத்து நான் பதின்மூன்றையும் எண்ணினேன்.

இதயத்தில் பிறவியிலேயே குறை என்றார் டொக்டர். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் தேத்தண்ணி தரும்போதெல்லாம் கேட்கிறார்: "அவள் கடைசியா ஏதும் சொன்னவளோ?"

"ஒண்டும் சொல்லேல்லை அம்மா."

நேற்று உன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே, "பாவம், என்ர பிள்ளை களைப்பெண்டு ஒருநாளும் சொன்னதில்லை" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கொழும்புக்குப் பஸ் ஏறுமுன் அம்மாவை உன் படத்துக்கு முன்னால் இருத்திச் சொல்வேன். நீ சொன்ன சொல், நான் எண்ணிய எண்ணிக்கை, எனக்கு வந்த சந்தோசம், எல்லாம். அடித்தால் வாங்குவேன். வீட்டை விட்டுப் போ என்றால் போவேன். திரும்பச் சொல்லு என்று கேட்டால், முதலில் இருந்து திரும்பவும் சொல்வேன். ஏலாது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
பதின்மூன்று வரை எண்ணிய உன் தங்கச்சி